கடற்கரையில் கல்யாணம்: தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புத் தங்கைக்கு,

கடற்கரையில்தான் கல்யாணம் என்று நீங்கள் இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டதாக அம்மா சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரொம்ப சந்தோஷம். நீ அனுப்பிய படங்களையும் பார்த்தேன். பந்தல், வெள்ளைத் துணி, பூ வளைவு, நாற்காலி வரிசை எல்லாம் அழகாக இருக்கின்றன. எத்தனை மணிக்கு என்பது மட்டும் எங்கேயும் இல்லை. மண்டபம் என்றால் நேரத்தை நாமே குறித்துவிடலாம். கரையில் கடலைக் கேட்டுத்தான் குறிக்க வேண்டும். பூவும் துணியும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் நேரம்.

பெரும்பாலான கரைகளில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையில் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அதனால் இன்று மாலை 4 மணிக்கு உச்சத்துக்கு ஏறிய கடல், நாளை 4.50 வாக்கில்தான் உச்சம் தொடும். தினமும் இப்படித் தள்ளிப்போய், ஒரு வாரத்தில் நிலைமை ஏறக்குறைய தலைகீழாகிவிடும். இது தெரியாமல் கல்யாணத்துக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால் போய், அகலமாகக் கிடக்கும் மணலைப் பார்த்து நாற்காலிக்கு இடம் அளந்துவிட்டு வந்தால், கல்யாணத்தன்று அதே நேரத்தில் அங்கே தண்ணீர் நிற்கும். நீ பதினைந்து நாள் முன்னால், அதே மணிக்குப் போய்ப் பார். அமாவாசை, பௌர்ணமிக் கணக்கும் சேர்ந்து அப்போதுதான் ஏறக்குறைய ஒத்துவரும்.

பௌர்ணமி நிலவில் கல்யாணம் வேண்டும் என்று உனக்கு ஆசை இருக்கிறது, தெரியும். பௌர்ணமியிலும் அமாவாசையிலும் சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால், அந்த நாட்களை ஒட்டிக் கடல் மற்ற நாட்களைவிட அதிகமாக ஏறும், அதிகமாக வற்றும். அதற்காக ஆசையை விட வேண்டாம். பந்தலை இன்னும் மேலே தள்ளிப் போடு, அவ்வளவுதான்.

எவ்வளவு மேலே என்பதைக் கரையே சொல்லும். போனதும் மணலைக் குனிந்து பார். காய்ந்த கடல்பாசி, சிப்பித் துண்டு, குச்சி எல்லாம் ஒரு கோடாக ஒதுங்கிக் கிடக்கும். கடைசியாக ஏறிய தண்ணீர் அதுவரை வந்து திரும்பியிருக்கிறது. சில இடங்களில் அதற்கும் மேலே பழைய கோடு ஒன்று இருக்கும். அந்தப் பழைய கோட்டுக்கும் மேலேதான் உன் நாற்காலிகள். கடலிலிருந்து பலமாகக் காற்றடித்தால் அலை இன்னும் உள்ளே வரும் என்பதையும் கணக்கில் வை.

அந்தக் காற்றுக்கும் நேரம் உண்டு. வெயில் ஏறத் தரை சீக்கிரம் சுடும், கடல் மெதுவாகத்தான் சுடும். அதனால் முற்பகலில் கடற்காற்று கிளம்பி, பிற்பகலில் நன்றாகப் பலக்கும், பொழுது சாயும்போது அடங்கும். மூன்று மணிக்கு வைத்தால் முந்தானையைப் பிடிப்பதிலேயே உன் கவனம் போய்விடும். அந்த நேரத்து உலர்ந்த மணலில் வெறுங்காலை வைக்கவும் முடியாது, கடும் வெயிலில் 50 டிகிரி செல்சியஸைக்கூடத் தாண்டும். என்னைக் கேட்டால் விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் வைத்துவிடுவதுதான் நல்லது. அவ்வளவு காலையில் யார் வருவார்கள் என்று அவர் வீட்டில் கேட்டால், பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வையுங்கள். இரண்டில் எதுவானாலும் வெயில் தாழ்வாக வரும். நீங்கள் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றால் வந்தவர்களுக்குக் கண் கூசும், படத்தில் உங்கள் முகம் கறுத்துப் போகும். மேடையைக் கொஞ்சம் திருப்பி, வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி போடச் சொல்.

இப்போது பாட்டி. எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். பாட்டி கைத்தடியை உலர்ந்த மணலில் ஊன்றினால் அது உள்ளே இறங்கும், அவரும் சேர்ந்து சாய்வார். பெரியப்பாவின் சக்கர நாற்காலி நாலடிகூட நகராது. வண்டி நிற்கும் இடத்திலிருந்து முதல் வரிசை வரைக்கும் பலகையோ கெட்டியான விரிப்போ போட்டே ஆக வேண்டும். செலவைக் குறைப்பதாக இருந்தால் பூவில் குறை, இதில் குறைக்காதே. நாற்காலிக் கால்களும் புதையும், அடியில் நீளமாகக் கட்டை வைத்தது கிடைத்தால் அதையே எடு. கழிப்பறை எவ்வளவு தூரம் என்று நடந்து பார். உன் நடையில் வேண்டாம், பாட்டியின் நடையில்.

அடுத்தது சத்தம். அலை இரைச்சலில் நீங்கள் சொல்லும் உறுதிமொழி மூன்றாவது வரிசைக்கே கேட்காது. சட்டையில் குத்தும் சின்ன மைக் இரண்டு பேருக்கும் வேண்டும், அதன் மேல் காற்றைத் தடுக்கும் பஞ்சுறை வேண்டும். அது இல்லாவிட்டால் ஒலிபெருக்கியில் காற்றுதான் பேசும். கல்யாண நேரத்தில் கரையில் நின்று ஒரு தடவை சோதித்துப் பாருங்கள்.

மழைக்கு மாற்று இடத்தை இப்போதே பேசி வை. இடி கேட்டால் எல்லாரையும் உடனே கட்டடத்துக்குள் கூட்டிப் போ, கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை யாரையும் மணலுக்கு விடாதே. பந்தல், ஒலிபெருக்கி, விளக்கு மூன்றுக்கும் அனுமதி வாங்க வேண்டுமா என்று அந்தக் கரையைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில் முன்கூட்டியே கேள்.

ஆமைகள் முட்டையிடும் கரையா என்றும் அங்கேயே விசாரி. பொரித்து வரும் குஞ்சுகள் இருட்டில் வெளிச்சமான அடிவானத்தைப் பார்த்துத்தான் கடலுக்கு நடக்கும். நம் விளக்கு அதைவிடப் பிரகாசமாக இருந்தால் கடலை விட்டு நம் பக்கம் வந்து செத்துப்போகும். முட்டையிடும் காலமாக இருந்தால் இரவு விருந்தை உள்ளே எங்காவது வைத்துவிடு. பலூன் பறக்கவிடும் யோசனையையும் தயவுசெய்து கைவிடு. அது கடலில்தான் விழும், இழுதுமீன் என்று நினைத்து ஆமை தின்றுவிடும்.

சரி, எனக்கு இரண்டு விவரம் மட்டும் அனுப்பு: நீங்கள் யோசித்து வைத்திருக்கும் தேதிகள், அந்தக் கரை எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்பது. கடல் ஏற்ற வற்ற அட்டவணையைப் பார்த்து ஒவ்வொரு தேதிக்கும் எந்த மணி தோதுப்படும் என்று எழுதி அனுப்புகிறேன். அதுவரை அழைப்பிதழை அச்சுக்குக் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
அக்கா