சாவி கிடைத்த மகளுக்கு

அன்பு மகளே,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் சட்டென்று ஒரு பதில் சொல்லிவிட்டேன். "ஆண்டவருக்குச் சின்னது பெரியது என்ற பேதம் கிடையாது" என்றேன். நீயும் "சரி அம்மா" என்றாய். அந்தச் சரி எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். சிறுமியாக இருந்தபோது மருந்தை விழுங்காமல் வாயில் அடக்கிக்கொண்டு தலையாட்டுவாயே, அதே சரிதான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ இரண்டு நாள் தேடிய சாவிக்கொத்து கோட்டுப் பையின் ஓட்டை வழியாக உள்துணிக்குள் இறங்கிக் கிடந்தது. கிடைத்துவிட்டது என்று சொன்னதும் ஜெபக்கூட்டத்தில் உன்னைச் சாட்சி சொல்ல, அதாவது ஆண்டவர் செய்த நன்மையை எல்லோர் முன்னும் சொல்லக் கூப்பிட்டார்கள். நீ மறுத்துவிட்டாய். "பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, ஆண்டவர் என் சாவியைக் கண்டுபிடித்துக் கொடுத்தார் என்று எப்படிச் சொல்வேன்?" என்று கேட்டாய். நீ மறுத்தது சரி என்றுதான் இப்போது எனக்குப் படுகிறது. அன்றைக்கே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

நான் அப்படிச் சாட்சி சொன்னவள்தான். மூக்குக்கண்ணாடிக்கு ஒரு முறை, வங்கிப் புத்தகத்துக்கு ஒரு முறை. எல்லோரும் அல்லேலூயா என்றார்கள். ஆனால் என் கல்யாண மோதிரம் தொலைந்ததே, அதைப் பற்றி யாரும் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிடவில்லை. கிடைக்காத பொருளுக்குச் சாட்சி ஏது! அப்பா கழிவுநீர்க் குழாயைக் கழற்றிப் பார்த்தார். குப்பையைத் தரையில் கொட்டிக் கிளறினோம். மூன்று நாள் உபவாசம்கூட இருந்தேன். அது இன்றுவரை கிடைக்கவில்லை.

மோதிரத்தைப் பற்றி உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. பொருள் காணாமல் போனால் மனுஷபுத்தி முதலில் தேடுவது பொருளை இல்லை, திருடனைத்தான். அந்த வாரம் நம் வீட்டுக்கு வந்துபோனவர் ஒரே ஒருவர், ஜெபக் குழுவில் இருந்த ஒரு சகோதரி. நான் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் அவர் வந்தபோது என் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் செய்தேன், அதுவே போதுமானதாக இருந்தது. அதன்பிறகு அவர் வரவில்லை.

வேதத்தில் உபாகமம் என்ற புத்தகத்தின் 22ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. உன் சகோதரனுடைய மாடோ ஆடோ வஸ்திரமோ காணாமற்போய் உன் கண்ணில் பட்டால், காணாதவன்போல் போகாதே, அவன் தேடி வரும்வரை உன் வீட்டில் வைத்திருந்து திரும்பக் கொடு என்கிறது. யாத்திராகமத்தில் அதே சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகும், சத்துருவின் கழுதையாக இருந்தாலும் கொண்டுபோய் விடவேண்டும். இதை நான் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுத்தவள். என் வீட்டிலேயே ஒரு சகோதரியின் நல்ல பெயர் கீழே விழுந்து கிடந்தது. அதைக் காணாதவள்போல் ஆறு வருஷம் தாண்டித் தாண்டி நடந்திருக்கிறேன்.

போன வருஷம் அவர் வீட்டுக்குப் போனேன். நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன். அவர், "தெரியும் அக்கா" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் என் பையை மூன்று தடவை கவிழ்த்துப் பார்த்தேன். தவறி அதில் விழுந்திருக்குமோ என்று. இருந்திருந்தால் ஓடிவந்து கொடுத்திருப்பேனே" என்றார். நான் அவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த அந்த இரவில் அவர் எனக்காகத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். கடவுள் சாவிக்கொத்தைக் கவனிக்கிறவரா என்று தேடினால் நாம் எல்லோரும் ஓடிப்போய் நிற்கிற இடம் 2 இராஜாக்கள் 6. தீர்க்கதரிசிகளின் புத்திரர், அதாவது அவர்களுடைய சீஷர்கள், யோர்தான் ஆற்றங்கரையில் மரம் வெட்டுகிறார்கள். ஒருவனுடைய கோடரி கழன்று தண்ணீரில் விழுகிறது. ஐயோ, இரவல் வாங்கியதாயிற்றே என்று அலறுகிறான். எனக்குப் பிடித்த இடம் அந்த அலறல்தான். சொந்தப் பொருள் போனால் நஷ்டம், இரவல் பொருள் போனால் மானம். கூட இருந்த தீர்க்கதரிசி எலிசா அவனைக் கடிந்துகொள்ளவில்லை, பிரசங்கமும் செய்யவில்லை. எங்கே விழுந்தது என்று கேட்கிறார். ஒரு கொம்பை வெட்டி அங்கே எறிகிறார், இரும்பு மிதக்கிறது. ஏழு வசனத்தில் கதை முடிந்துவிடுகிறது. நாமும் அங்கேயே வேதத்தை மூடிவிடுகிறோம்.

உன் போனுக்குப் பிறகு நான் அந்த அதிகாரத்தைக் கடைசிவரை வாசித்தேன். பின்பாதியில் சீரியாவின் ராஜா இஸ்ரவேலின் தலைநகரான சமாரியாவை முற்றுகையிடுகிறான். பஞ்சம் எவ்வளவு கொடியது என்றால் ஒரு கழுதைத் தலை 80 வெள்ளிக்காசுக்கு விற்கிறது. மதில்மேல் நடந்துபோகிற இஸ்ரவேலின் ராஜாவிடம் ஒரு ஸ்திரீ முறையிடுகிறாள். அவள் சொல்வதை இந்தக் கடிதத்தில் எழுத எனக்குக் கை வரவில்லை, 28ஆம் 29ஆம் வசனங்களை நீயே பார்த்துக்கொள். அவளுடைய பிள்ளை போய்விட்டான், அதுவும் எப்படி! ராஜா தன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொள்கிறான். இரும்பை மிதக்க வைத்த அதே எலிசா அதே நகரத்துக்குள் தன் வீட்டில் மூப்பர்களோடு உட்கார்ந்திருக்கிறார். மறுநாள் பஞ்சம் தீர்கிறது. அந்தப் பிள்ளை திரும்பவில்லை.

கோடரி கிடைத்ததும் பிள்ளை போனதும் ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன, மகளே. எழுதினவர் ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றை மட்டும் சொல்லியிருக்கலாம், அப்படிச் செய்யவில்லை. ஏன் இது, ஏன் அது அல்ல என்று ஒரு வரி விளக்கமும் தரவில்லை. நான் மட்டும் பாதி அதிகாரத்தை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் சாட்சி சொல்லியிருக்கிறேன். முன்வரிசையில் இருந்த அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து நீ வாய் மூடினாய் அல்லவா, நீ முழு அதிகாரத்தையும் வாசித்தவளைப்போல நடந்துகொண்டாய்.

அப்படியானால் தொலைவதிலும் கிடைப்பதிலும் ஒன்றுமே இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது. ஆனால் அதை நான் தவறான இடத்தில் தேடினேன் என்று நினைக்கிறேன். லூக்கா 15இல் வரும் ஸ்திரீயின் கதையை நாம் சரியாக வாசிப்பதே இல்லை. தொலைந்த ஆடு, தொலைந்த காசு, வீட்டைவிட்டுப் போன இளைய குமாரன் என்று அங்கே மூன்று கதைகள். ஆட்டுக்குப் பாட்டு இருக்கிறது, படம் இருக்கிறது. இளைய குமாரனுக்கு வருஷத்துக்கு நாலு பிரசங்கம் இருக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட இவளுக்கு இருப்பது வெறும் மூன்று வசனம். பத்து வெள்ளிக்காசில் ஒன்று போய்விட்டது. அந்தக் காசு ஏறக்குறைய ஒரு நாள் கூலி. அக்காலத்து எளியவர் வீடுகளில் ஜன்னல் இருந்தாலும் சிறியதாகத்தான் இருக்கும், பகலிலும் விளக்கு வேண்டும். விளக்கைக் கொளுத்துகிறாள், வீட்டைப் பெருக்குகிறாள். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் துடைப்பத்தில் பட்டு எங்காவது கிணுங்காதா என்று காதைத் தீட்டிக்கொண்டு பெருக்கியிருப்பாள் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

ஆடாவது கத்தும். மகன் எழுந்து நடந்து வருவான். காசு என்ன செய்யும்? தான் தொலைந்துபோனதுகூட அதற்குத் தெரியாது. அது வீட்டைவிட்டும் போகவில்லை, உள்ளேதான் கிடக்கிறது. ஆலயத்துக்குள்ளேயே இருந்துகொண்டு, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, தொலைந்துபோனதே தெரியாமல் ஆறு வருஷம் கிடந்த ஒருத்தியை எனக்குத் தெரியும். இத்தனை நாளும் என்னை அந்தத் துடைப்பம் பிடித்த ஸ்திரீயின் இடத்தில் வைத்தே அந்தக் கதையை வாசித்திருக்கிறேன், பார். இயேசு அவளை யாருக்கு ஒப்பிட்டார் என்பதைக் கவனிக்கவே இல்லை. பாவிகளோடு சாப்பிடுகிறாரே என்று முறுமுறுத்த பரிசேயர்களிடம், அதாவது சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த யூத மதப் பிரிவினரிடம், அவர் இந்தக் கதையைச் சொன்னார். தேடுகிற கடவுளைக் காட்ட, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து பெருக்குகிற ஒரு ஸ்திரீயைக் காட்டினார். (புடவை என் கற்பனை. வேதத்தில் இல்லை, அப்பாவிடம் சொல்லிவிடாதே.)

அதனால் இப்போதெல்லாம் ஏதாவது காணாமல் போனால் கண்டுபிடித்துக் கொடும் என்று நான் கேட்பது குறைந்துவிட்டது. கேட்பதே இல்லை என்று பொய் சொல்லமாட்டேன், நேற்றுகூட ரேஷன் கார்டு விஷயத்தில் கேட்டேன். ஆனால் கட்டிலுக்கடியில் குனியும்போது, இப்படித்தானே என்னையும் தேடியிருப்பார் என்று ஒரு நினைப்பு வருகிறது. முட்டி வலிக்கும்போது அது இன்னும் நன்றாகப் புரிகிறது.

அந்தச் சகோதரி இப்போது வியாழக்கிழமைகளில் வருகிறார். மோதிரத்தைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. உன் முன்வரிசை அம்மாவைப் பற்றி அவரிடம் சொன்னேன், பெயர் கேட்டார், ஜெபிக்க வேண்டுமாம். எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் அடுத்த கூட்டத்தில் அவர் பக்கத்தில் போய் உட்கார், பெயர் தானாகத் தெரிந்துவிடும்.

அப்புறம், கோட்டுப் பையின் ஓட்டையை இன்னும் தைக்கவில்லை என்றாயே. சாவியை அதே பையில்தான் போட்டுக்கொண்டு போகிறாயா? நீ புறப்பட்டபோது பெட்டியின் பக்கவாட்டு அறையில் ஊசியும் கறுப்பு நூலும் வைத்து அனுப்பினேன். தேடிப் பார்.

அன்புடன்,
அம்மா