திருவிழா முடிந்த கையோடு கொரியாக் கோழி

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்து மூன்று கிழமைக்கு மேலாகிவிட்டது, குறை நினைக்காதே. நல்லூர்க் கந்தன் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறினதிலிருந்து வீட்டில் ஒருவருக்கும் கை ஓய்வில்லை. அம்மா சுகம், முழங்கால் வலி மட்டும் அப்படியே. காணி விஷயத்தைக் கடைசியில் எழுதுகிறேன், முதலில் இதைக் கேள்.

25 நாளும் வீட்டில் மச்ச மாமிசம் இல்லை, திருவிழா முடிவில் வைரவருக்குப் படைக்கிற மடையும் முடிந்தது, அடுத்த நாளே மகள் ஒரே பிடியாக நின்று ஸ்ரான்லி வீதிப் பக்கம் புதிதாகத் திறந்த ஒரு சின்னக் கடைக்கு எங்களைக் கூட்டிப்போனாள். பொரித்த கோழியும் டோனட்டும், வேறொன்றும் இல்லை. எனக்குப் போக மனமே இல்லை, போன தை மாதம் வேறொரு இடத்தில் பழைய எண்ணெயில் பொரித்ததைச் சாப்பிட்டு இரண்டு நாள் வயிறு எரிந்தது உனக்குச் சொன்னேன்தானே. ஆனால் இந்தக் கடைக்குள் நுழைந்தபோது எண்ணெய் நாற்றம் துளியும் இல்லை, இஞ்சியும் உள்ளியும் எள்ளும்தான் மணத்தது.

கடைக்காரப் பெடியன் கொரியாவில் ஐந்து வருடம் தொழிற்சாலையில் நின்றுவிட்டு வந்தவன். பாசைச் சோதனை எழுதி அரசாங்க ஒப்பந்தத்தில் இங்கிருந்து ஆட்கள் போகிறார்களே, அப்படிப் போனவன். அங்கே 1997 பொருளாதார நெருக்கடியில் வேலை இழந்த கனபேர் சின்னச் சின்னக் கோழிக்கடை போட்டுத்தான் தலை நிமிர்ந்தார்களாம். அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேணும் நீ.

அடுப்புக்குப் பக்கத்தில் நின்று பார்க்க விட்டான். இரண்டு தரம் பொரிக்கிறான் மச்சான். முதலில் மிதமான சூட்டில் உள்ளே வேகிற மட்டும், பிறகு தட்டிக் கம்பியில் ஆறவைக்கிறான், அந்த நேரத்தில் உள்ளிருக்கிற ஈரம் மேலுக்கு வந்துவிடுகிறது, இரண்டாம் தரம் நல்ல சூட்டில் போட்டதும் சடசடவென்று அந்த ஈரம் ஆவியாகிப் போகிறது. கோதுமை மாவோடு உருளைக்கிழங்கு மாவும் சேர்ப்பதால் கோது மெல்லிசாக, கண்ணாடி மாதிரி வருகிறது. சாறு பூசியும் நமத்துப் போகவில்லை. அந்தச் சாறு கொச்சுஜங், மிளகாய்த்தூளும் ஒட்டரிசியும் சோயாவும் சேர்த்துப் புளிக்க வைத்தது, முதலில் இனிப்பு, பிறகுதான் மெல்ல உறைப்பு ஏறும். எனக்கு இனிப்புக் கூடத்தான், அதை அவனிடமே சொன்னேன், அடுத்த தட்டில் குறைத்துத் தந்தான். எங்கள் கறித்தூளும் கறிவேப்பிலையும் தூவினது ஒன்றும் வைத்திருக்கிறான், சனம் அதைத்தான் கூட வாங்குது, ஆனால் அது வீட்டில் மனுசி பொரிப்பது போலவே இருந்தது, அதற்கு ஏன் கடைக்குப் போக வேணும்? கொரியாக் கோழிதான் நல்லது. தொட்டுக்கொள்ளச் சின்னச் சதுரமாக வெட்டி வினாகிரியிலும் சீனியிலும் ஊறவைத்த முள்ளங்கி, ஒவ்வொரு வாய்க்கும் எண்ணெய்ப் பசையை வெட்டிவிடுகிறது.

அப்புறம் டோனட். எட்டு உருண்டையை வளையமாக ஒட்டின மாதிரி, ஒவ்வொன்றாகப் பிய்த்துச் சாப்பிடலாம். யப்பானில் மிஸ்டர் டோனட் கடைக்காரர் 2003இல் கொண்டுவந்த வடிவம் அது. கடித்தால் இழுபடுகிறது, பஞ்சு போலவும் இருக்கிறது, என்ன மா என்று கேட்டேன். மரவள்ளி மா! எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. தொண்ணூறுகளில் யுத்தகாலப் பொருளாதாரத் தடை நேரம், கோதுமை மாவும் சீனியும் கண்ணில் படாமல், உங்கள் வீட்டுக் குசினியில் மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றி இருந்து அவித்த மரவள்ளியும் சம்பலும் எத்தனை இரவு சாப்பிட்டோம். கறுப்பு எள்ளுப் பூச்சுப் போட்டதை வாயில் வைத்ததும் எள்ளுருண்டை, பிய்த்துப் பார்த்தால் உன் அம்மா வாழைப்பழம் பிசைந்து பொரித்த வாய்ப்பனின் உள்பக்கம். மகளுக்கு இதைச் சொன்னேன், அவள் கேட்டுக்கொண்டே என்னுடைய பங்கையும் முடித்துவிட்டாள்.

அம்மாவுக்கு நாலு கட்டிக்கொண்டு வந்தோம். அன்றிரவே சாப்பிட்டிருக்க வேணும், விடிய இறுகிவிட்டது. ஆனாலும் இட்டலிச் சட்டியில் கொஞ்சம் ஆவி பிடித்துக் கொடுத்தேன், பல்லில்லாத வாயால் இரண்டு சாப்பிட்டா.

கனடாவில் உங்கள் ஸ்காபரோவில் இப்படிக் கடை தெருவுக்கு ஒன்று இருக்கும், தெரியும். ஆனால் மார்கழியில் நீ வரும்போது முதல் பின்னேரமே அங்கேதான், வேறு ஆரும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் ஒப்புக்கொள்ளாதே.

காணி: அளக்கிறவர் வருகிற வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னார். கிழக்குப் பக்கத்து வேலிக்குக் கதியால் போட ஆள் பிடித்துவிட்டேன். காணி உறுதிப் பத்திரத்தின் பிரதி ஒன்று கெதியில் அனுப்பு.

அன்புடன்,
உன் மச்சான்