மைக்ரோவேவ் ட்ரான்ஸ்ஃபார்மரை அறுத்துவிட்டு விற்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழுதான மைக்ரோவேவ் ஓவனில் கழற்றிய ட்ரான்ஸ்ஃபார்மரைக் கொண்டு ஈரப் பலகையில் மின்சாரம் பாய்ச்சி மின்னல் வடிவக் கோலம் எரிப்பது இளைஞர்களை இழுக்கிறது. செய்தவர்கள் பலர் இறந்த பிறகு, அமெரிக்காவில் மரக்கடைசல் செய்வோரின் தேசியச் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் இந்தச் செய்முறைக்குத் தடையே போட்டது. மாணவர்களும் ஆசிரியர்களும் இதை அறிய வேண்டும்.

பொறியின் நீளத்தை வைத்து ஆபத்தை அளப்பதுதான் முதல் தவறு. பழைய டிவியின் ஃப்ளைபேக் எனும் ஹை வோல்டேஜ் ட்ரான்ஸ்ஃபார்மரில் 20,000 வோல்ட்டுக்கு மேல் வரும், ஆனால் கரண்ட் சில மில்லி ஆம்பியர். மைக்ரோவேவ் ட்ரான்ஸ்ஃபார்மரில் 2,000 வோல்ட்தான். பொறி காற்றில் ஒரு மில்லிமீட்டர்கூடத் தானாகத் தாண்டாது. பார்க்கச் சாதுவாக இருக்கும் அதில் அரை ஆம்பியருக்கு மேல் வரும். ஆளைக் கொல்வது அந்தக் கரண்ட்தான்.

வீட்டில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதே என்பது அடுத்த தவறு. போன கரண்டும் திரும்பிய கரண்டும் சமமா என்று மட்டுமே அது பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் டிரிப் ஆகும். ஆனால் ட்ரான்ஸ்ஃபார்மரின் 2,000 வோல்ட் காயிலான செகண்டரியில் கிளம்பும் கரண்ட் உடம்பு வழியாகச் செகண்டரிக்கே திரும்பிவிடுகிறது. மெயின் இணையும் பிரைமரி காயில் பக்கம் கணக்கு சரியாகவே இருக்கும். உடம்பில் அரை ஆம்பியர் ஓடும்போது மெயினில் கூடுவது நான்கைந்து ஆம்பியர், அதாவது ஓர் இஸ்திரிப் பெட்டி இழுக்கும் அளவு. கரண்ட் அளவு மீறினால் துண்டிக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையாது. சாதாரண ரப்பர் கையுறையும் இந்த வோல்ட்டுக்கு ஆனதல்ல. 750 வோல்ட் வரை அளக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் மீட்டருக்குள்ளேயே வெடிக்கக்கூடும்.

இதே ட்ரான்ஸ்ஃபார்மரில் உருப்படியாக ஒரு ஸ்பாட் வெல்டர் (மெல்லிய தகடுகளைப் புள்ளி புள்ளியாகப் பற்றவைக்கும் கருவி) செய்யலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சார்ஜைத் தேக்கி வைக்கும் ஓவன் கெபாசிட்டரின் முனைகள் இரண்டையும் நீண்ட பிடியுள்ள இன்சுலேட்டட் ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்த பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். கெபாசிட்டருக்குள் இருக்கும் 10 மெகா ஓம் ரெசிஸ்டர் சார்ஜை வடித்திருக்கும் என்று நம்பக் கூடாது. அது அறுந்திருந்தால் வெளியே தெரியாது.

தடித்த கம்பி சுற்றிய, இரண்டு ஓம் அளவு காட்டும் காயில் பிரைமரி. மெல்லிய கம்பி சுற்றிய, நூறு ஓமை ஒட்டிக் காட்டுவது செகண்டரி. செகண்டரியை, காயில்கள் சுற்றியுள்ள இரும்புக் கோரோடு ஒட்ட இருபுறமும் ஹாக்ஸாவால் அறுத்துத் தட்டி வெளியே தள்ள வேண்டும். இங்கேதான் அவசரப்படுகிறார்கள். பிளேடு நழுவிப் பிரைமரி கம்பியின் இன்சுலேஷனான எனாமலில் ஒரு கீறல் விழுந்தாலும் பக்கத்துச் சுற்றுகள் ஷார்ட் ஆகலாம். அப்படி ஆனால் மெயின் கொடுத்ததும் உறுமிப் புகையும். இரண்டு காயில்களுக்கும் நடுவே செருகியுள்ள இரும்புத் தகட்டுக் கட்டுகள் இரண்டையும் எடுத்துவிட வேண்டும். கரண்டைக் கட்டுப்படுத்த வைத்தவை அவை. இருந்தால் வெல்டு பிடிக்காது.

செகண்டரி இருந்த இடத்தில் 50 சதுர மி.மீ. வெல்டிங் கேபிளை இரண்டு சுற்று விட்டால் ஏறத்தாழ 2 வோல்ட்டும் சில நூறு ஆம்பியரும் கிடைக்கும். கேபிள் முனையில் மாட்டும் லக்கை நன்றாக அழுத்தி கிரிம்ப் செய்யாவிட்டால் தகடு சூடாகாமல் லக்தான் சூடாகும். கோரை எர்த் செய்தே ஆக வேண்டும். பிரைமரிக்கும் கோருக்கும் இடையே 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனை அளக்கும் கருவி) வைத்து, 2 மெகா ஓமுக்குக் குறைந்தால் அந்த ட்ரான்ஸ்ஃபார்மரை ஒதுக்கிவிடுங்கள். பிரைமரியைக் கால் சுவிட்சில் இயக்குவது நல்லது. அதற்குப் பதில் சாலிட் ஸ்டேட் ரிலே (எலக்ட்ரானிக் சுவிட்ச்) வைப்பவர்கள் தனியாக ஒரு மெயின் சுவிட்சும் வைக்க வேண்டும், ஏனெனில் அந்த ரிலே கெட்டால் பெரும்பாலும் ஆன் நிலையிலேயே நின்றுவிடும். லோடு இல்லாமலே சூடேறும் ட்ரான்ஸ்ஃபார்மர் இது. ஓவனில் உள்ள ஃபேன் இதையும் சேர்த்துத்தான் குளிர்விக்கிறது.

சென்னை ரிச்சி தெருக் கடைக்காரர்களுக்கும் மற்ற ஊர்களின் காயலான் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாணவர்களுக்கு இதை விற்கும்போது செகண்டரியை அறுத்தெடுத்துவிட்டுக் கொடுங்கள். கொஞ்ச நேர வேலைதான். அறுத்த கம்பி, தாமிரமோ அலுமினியமோ, எடைக்குப் போட்டால் உங்களுக்கே காசு.

இப்படிக்கு,
மின்சாதனப் பழுதுநீக்குநர் ஒருவர்,
கோவை