மொத்தமாக எவ்வளவு போகும் என்று கேட்டாயே

தம்பிக்கு,

போன வாரம் போனில், "அம்மா, அந்தப் பழைய பிலிம் கேமராவெல்லாம் மொத்தமா எவ்வளவு போகும்?" என்று கேட்டாய். ரசம் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். கோபமெல்லாம் இல்லை, போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை அது. எழுதி வைத்தால் விற்கிற அன்றைக்கு எடுத்துப் பார்த்துக்கொள்வாய்.

மொத்தமாகப் பேசினால் பெரிதாக ஒன்றும் போகாது. யாராவது வந்து அலமாரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒரே தொகையாகச் சொன்னால் கொடுத்துவிடாதே. நம் செட்டிநாட்டுப் பக்கம் வீடுகளையே அப்படித்தான் பேசி முடிக்கிறார்கள். பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில், எப்படியோ ஒருநாள் எல்லோர் கையெழுத்தும் சேர்ந்துவிடுகிறது, அப்புறம் பர்மாத் தேக்குத் தூண் ஒரு லாரியில், நிலைக்கதவு இன்னொரு லாரியில் போகிறது. மிச்சம் மீதி, பீங்கான் சாடி, எனாமல் தூக்கு, ரவிவர்மா படம் எல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்து சேர்கிறது. என் கேமராக்களில் பாதி அங்கே வாங்கியவைதான். சிங்கப்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் யாரோ ஆசையாகக் கொண்டுவந்து, நாலு கல்யாணத்துக்குப் படம் எடுத்துவிட்டு, தோல் உறையோடு பெட்டகத்தில் வைத்துப் பூட்டியவை. (தோல் உறையில் வைக்கவே கூடாது. ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு லென்ஸில் பூஞ்சை வளர்ப்பதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.)

அந்தக் கடைகளில் ஒரு வேடிக்கை உண்டு. மடக்குக் கேமரா, பெட்டிக் கேமரா, அக்ஃபா கிளிக் இதற்கெல்லாம் எஸ்.எல்.ஆரைவிட (லென்ஸ் வழியாக வருவதையே உள்ளே ஒரு கண்ணாடி வைத்துக் காட்டுகிற கேமரா) விலை கூடச் சொல்வார்கள். பார்க்கப் பழசாகத் தெரிகிறதாம், ஹோட்டல்காரர்கள் வரவேற்பறையில் வைக்க வாங்குகிறார்களாம். சரி, அவர்கள் பிழைப்பு. எனக்கு வேண்டியது பார்வைக்குப் பழசு இல்லை, ஓடுகிற பழசு. ஓடுகிறதா என்று பார்க்க அரைமணி நேரம் வேண்டும். கடைக்காரர் டீ குடிக்கப் போகும் நேரமாகப் பார்த்துப் போவேன்.

முதலில் பின்கதவைத் திறந்து ஓரங்களைத் தொட்டுப் பார்ப்பேன். வெளிச்சம் புகாமல் இருக்கப் பஞ்சு மாதிரி ஒன்று ஒட்டியிருப்பார்கள், அது வயதானால் தார் மாதிரிப் பிசுபிசுத்துவிடும். அது குறையே இல்லை, ஸ்பிரிட் வைத்துத் துடைத்துவிட்டு வேறு ஒட்டலாம், ஆனால் விலை பேச நல்ல சாக்கு. அப்புறம் ஷட்டர். லென்ஸைக் கழற்றிவிட்டு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, துணித் திரையில் ஊசி ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். 1 நொடியில் வைத்து அழுத்தினால் உள்ளே சக்கரம் ஸ்ர்ர்ரென்று ஓடி முடியவேண்டும், நடுவில் திக்கினால் எண்ணெய் காய்ந்து கெட்டியாகிவிட்டது என்று அர்த்தம். வேகமான நொடிகள் நன்றாக இருந்து மெதுவானவை மட்டும் திக்குவதுதான் பெட்டியில் கிடந்த கேமராவின் வழக்கமான வியாதி. வேலை தெரிந்தவர் கழுவி எண்ணெய் போட்டால் சரியாகிவிடும். லென்ஸுக்கு, போன் டார்ச்சை ஒரு பக்கம் பிடித்து மறுபக்கமிருந்து சாய்த்துப் பார்க்கவேண்டும். தூசி இருந்தால் போகட்டும், சிலந்தி வலை மாதிரிப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை, கண்ணாடி மேல் பூச்சையே தின்றுவிடும், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கமாட்டேன். கடைசியாக பேட்டரி மூடியைத் திறந்து பச்சை பூத்திருக்கிறதா என்று பார்ப்பேன். இத்தனையும் பார்த்து முடிப்பதற்குள் கடைக்காரர் வந்து, "ஆச்சி, வாங்கத்தான் போறீகளா, பிரிச்சுப் பாக்கப் போறீகளா?" என்பார்.

இனி அலமாரியில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன்.

கேனான் ஏஇ-1ஐ விற்றுவிடு. 1976ல் வந்தது, கேமராவுக்குள் மைக்ரோபிராசஸர் வைத்த முதல் எஸ்.எல்.ஆர். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் மேல் ஒரு மோகம் இருக்கிறது, உடனே போய்விடும். பேட்டரி இல்லாவிட்டால் ஷட்டரே அசையாது, அதனால் எனக்கு அதன்மேல் பெரிய மதிப்பில்லை. அழுத்தும்போது கீச்சென்று ஒரு சத்தம் வரும், அந்த மாடலுக்கே உள்ள சத்தம், எண்ணெய் வற்றியதால் வருவது. மறைக்காமல் சொல்லியே விற்கவேண்டும்.

நிக்கான் எஃப்எம்2தான் உனக்கு நல்ல விலை தரும். கடையை மூடிய ஒரு ஸ்டூடியோக்காரரிடம் வாங்கினேன், வாங்கும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. 1982ல் வந்த மாடல், ஒரு நொடியில் 4000ல் ஒரு பங்கு வரைக்கும் ஷட்டர் ஓடும், அதுவும் முழுக்க முழுக்க ஸ்பிரிங்கும் பல்சக்கரமும் மட்டும் வைத்து. பேட்டரி, வெளிச்சத்தை அளக்கிற மீட்டருக்கு மட்டும்தான். இதைத் தெருக் கடையில் கொடுத்துவிடாதே, உபயோகிக்கிறவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள், அவர்களுக்கு மதிப்புத் தெரியும்.

ஜெனிட்-இ ரஷ்யாவில் செய்தது, 30 லட்சத்துக்கு மேல் செய்தார்கள், அதனால் யாரும் விலை கொடுக்கமாட்டார்கள். கனம் வேறு. ஆனால் பேட்டரியே கிடையாது, மேலே நெற்றியில் இருக்கிற செலினியம் செல்லில் வெளிச்சம் பட்டால் முள் நகரும். அதை நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்து இயற்பியல் லேபுக்குக் கொடுத்துவிடு. பின்கதவைத் திறந்து பிள்ளைகளுக்குக் காட்டினால் போதும், ஒளிமின் விளைவு, லென்ஸ், கண்ணாடியில் தெரியும் பிம்பம் எல்லாம் ஒரே பெட்டியில் நடத்திவிடலாம். லென்ஸை மட்டும் கொடுக்காதே, வேறு ஏதாவது மாட்டிக் கொடு. ஹீலியோஸ் 44 அது, ஜெர்மனியின் ஸைஸ் பயோட்டார் லென்ஸைப் பார்த்துச் செய்தது, பின்னால் இலைகள் இருந்தால் அவை சுழல்கிற மாதிரி விழும்.

அந்த லென்ஸ் அப்படியே ஐயாவின் பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்கில் திருகிக்கொள்ளும். 1949ல் ட்ரெஸ்டனில் செய்த காண்டாக்ஸ் எஸ் கேமராவில் வந்த அதே 42 மில்லிமீட்டர் திருகுதான் இரண்டிலும். பனிப்போர் நடந்த காலத்தில் ரஷ்யாக்காரன் லென்ஸ் ஜப்பான்காரன் கேமராவில் பொருந்தியிருக்கிறது பார்.

ஸ்பாட்மேட்டிக்கை விற்காதே. ஐயா பினாங்கில் வாங்கியது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அவருக்கு அது வெறும் சாமான், ஒரு ரோலை ரெண்டு வருஷம் ஓட்டுவார். என் கைக்கு வந்த பிறகுதான் அது வேலை பார்த்திருக்கிறது. கோட்டையூரிலும் கானாடுகாத்தானிலும் பிரிக்கப்போகிற வீடு என்று தகவல் வந்தால் அதைத்தான் தூக்கிக்கொண்டு போவேன். முகப்பு, பட்டாலை (முன்கூடம்), வளவு (நடு முற்றம்), ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர், எல்லாம் நெகட்டிவாக இருக்கிறது, இரும்புப் பெட்டியில் ஊர்வாரியாக அடுக்கியிருக்கிறேன். அந்தப் பெட்டிதான் இந்த வீட்டில் விலைமதிப்பில்லாதது, அதைப் பற்றி நீ கேட்கவே இல்லை.

அதன் லென்ஸ் சூப்பர் டாக்குமார் 50 மில்லிமீட்டர், 1.4. வந்தபோது டீத்தண்ணி நிறத்தில் இருந்தது. கண்ணாடியில் தோரியம் கலந்திருக்கிறார்கள், வருஷக்கணக்கில் இருட்டில் கிடந்தால் மஞ்சளாகிவிடும். லென்ஸைத் தனியாகக் கழற்றி, அடியில் அலுமினியத் தாள் வைத்து (இல்லையென்றால் பூதக்கண்ணாடி மாதிரி கீழே இருப்பதைப் பொசுக்கிவிடும்) வளவில் வெயில் விழும் இடத்தில் வாரக்கணக்காக வைத்தேன். தெளிந்துவிட்டது. கதிர்வீச்சு என்று மருமகள் பயப்படுவாள், மிக லேசானதுதான், தலையணைக்கடியில் வைத்துத் தூங்காமல் இருந்தால் போதும் என்று சொல்.

மீட்டர் செத்துவிட்டது. அதனால் என்ன? 400 வேகப் பிலிம் ரோல் போட்டால் நல்ல வெயிலில் அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) 16, ஷட்டர் ஒரு நொடியில் 500ல் ஒரு பங்கு. முகப்பு நிழலுக்கு வந்தால் 5.6, எண் குறைந்தால் திறப்பு பெரிது. பட்டாலைக்குள் போனால் இன்னும் திற. வளவு வெயிலும் உள்ளறை இருட்டும் ஒரே படத்தில் வரும் நம் வீடுகளில் மீட்டர் இருந்தாலும் குழம்பத்தான் செய்யும்.

36 படம்தான் என்பதால் யோசித்து எடுப்போம் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் அப்படி ஒன்றும் யோசிப்பதில்லை. ரோலைச் சீக்கிரம் கழுவிப் பார்க்கவேண்டும் என்ற அவசரத்தில் கடைசிப் பத்தைக் கோழிக்கும் வேலிக்கும் செலவழித்துவிடுவேன். கழுவுவதுதான் எனக்கு எடுப்பதைவிடச் சந்தோஷம், கெமிஸ்ட்ரி டீச்சர் புத்தி. டி-76 என்கிற பிலிம் கழுவும் மருந்தை நானே கலக்குகிறேன். ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100, ஹைட்ரோகுவினோன் 5, போராக்ஸ் 2, கிட்டத்தட்ட 100 வருஷப் பழைய கணக்கு. 20 டிகிரியில் கழுவு என்று போட்டிருப்பார்கள், நம்மூர்க் குழாய்த் தண்ணீருக்கு அது எங்கே தெரியும், ஐஸ் கட்டி போட்டுத்தான் இறக்கவேண்டும்.

மிச்சம் இருப்பது பென்டாக்ஸ் கே1000. 1976லிருந்து 1997 வரை அதே மாதிரி செய்துகொண்டே இருந்தார்கள், கற்றுக்கொள்கிறவர்களுக்கு அதைவிட நல்லது கிடையாது. பேத்திக்கு அது. மீட்டரை அணைக்க சுவிட்ச் இல்லை, லென்ஸ் மூடியைப் போட்டுவைத்தால்தான் பேட்டரி மிஞ்சும் என்று சொல்லிக்கொடு. ரோல் போட்டபின் லீவரை இழுக்கும்போது இடதுபக்கக் குமிழும் சேர்ந்து சுற்றுகிறதா என்று பார்க்கவும் சொல். சுற்றவில்லையென்றால் பிலிம் மாட்டவே இல்லை, ரோல் முழுக்க எடுத்தாலும் ஒன்றும் இருக்காது.

நான் இருக்கும்வரை மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றின் ஷட்டரையும் எல்லா வேகத்திலும் அழுத்தி ஓட்டுகிறேன். ஈரத்தை உறிஞ்ச வைத்த சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து ரோஸாக மாறினால் வறுத்துத் திரும்ப வைக்கிறேன். அதற்குப் பிறகு உன் பாடு.

பொங்கலுக்கு வரும்போது மெல்போர்னில் டிரை-எக்ஸ் கறுப்பு வெள்ளை பிலிம் கிடைத்தால் கொஞ்சம் வாங்கி வா, இங்கே விலை கட்டுப்படியாகவில்லை. பெட்டியில் போட்டு அனுப்பாதே, அங்கே போடும் எக்ஸ்ரே பிலிமைப் புகைபடியச் செய்துவிடும். கையில் வைத்துக்கொள், ஆனால் கைப்பைக்கும் புது சி.டி. ஸ்கேனர் வைத்திருக்கும் இடங்களில் அதுவும் ஆபத்துதான். தெளிவான பிளாஸ்டிக் பையில் ரோல்களைத் தனியாகப் போட்டு, கையால் பாருங்கள் என்று முதலிலேயே கேள். சென்னையில் இறங்கி மதுரைக்கு விமானம் மாறும்போது மறுபடியும் கேட்கவேண்டியிருக்கும், வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தாலும் விட்டுக்கொடுக்காதே.

அம்மா