ராத்திரி ஊறப்போட்டால் போதும், தம்பி

பாலக்கோடு,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு அம்மா எழுதுவது.

ரூமில் அடுப்பும் குக்கரும் வாங்கிவிட்டோம் என்று நீ சொன்னபோது எனக்கு வந்த சந்தோஷத்தைப் போனில் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அதே மூச்சில், "ஷிப்ட் முடிஞ்சு ரூமுக்கு வரவே 11 ஆயிடுதும்மா, சமைக்க எங்க நேரம்?" என்றும் கேட்டாய். அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதி காதில் விழும், மீதி மறந்துபோகும். இதை அடுப்புப் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொள்.

தம்பி, நேரம் இல்லாதவர்கள் உண்டாக்கிய சாப்பாடுதான் நம்முடையது. உன் பாட்டி களையெடுப்புக்குப் போகிற நாளில் விடிவதற்கு முன்னால் வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவார். அந்த நேரத்தில் எங்கே அடுப்பு மூட்டுவது? முதல் நாள் ராத்திரியே பானையில் எல்லாம் தயாராக இருக்கும். காலையில் கையை விட்டுக் கரைத்தால் கூழ். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றியிருந்தால் நீராகாரம். நாம் தூங்குகிற நேரத்தில் மாவு தானாகப் புளிக்கும், கொள்ளு தானாக ஊறும், பால் தானாக உறையும். காலை ஷிப்டோ ராத்திரி ஷிப்டோ, உன் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான சமையல் இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

கூழிலிருந்து தொடங்கு. ஒரு டம்ளர் ராகி மாவை ஒன்றரை டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து மூடி வை. எவர்சில்வர் பாத்திரமோ மண்சட்டியோ எடு, அலுமினியம் வேண்டாம். புளிப்பு அதில் பட்டால் நல்லதில்லை. ஊரில் வெயில் காலத்தில் ஒரு ராத்திரியிலேயே மாவு புளித்துவிடும். நீ இருக்கும் பூனாவில் குளிர் காலத்தில் அப்படி எதிர்பார்க்காதே. ஒரு ராத்திரியும் ஒரு பகலும் விடு, அடுப்புப் பக்கத்தில் வை, துண்டைச் சுற்றி வைத்தாலும் சரி. திறந்தால் லேசான புளிப்பு வாசம் வர வேண்டும், மேலே சின்னச் சின்னக் குமிழி தெரிய வேண்டும். கெட்ட நாற்றம் அடித்தாலோ, நூல் நூலாக இழுத்தாலோ, பூஞ்சை படிந்திருந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடு.

மறுநாள் ராத்திரி நீ வந்து குளிக்கப் போகும் முன், கால் டம்ளர் அரிசி நொய்யை நாலு டம்ளர் தண்ணீரில் போட்டு அடுப்பைச் சின்னதாக எரியவிடு. பாதி மூடிவை, இல்லாவிட்டால் பொங்கி வழியும். குளித்துவிட்டு வந்து நொய் குழைந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு, புளித்த மாவை ஒரு கையால் ஊற்றி மறு கையால் விடாமல் கிளறு. இந்த இடத்தில் மட்டும் போனைக் கையில் எடுக்காதே. பத்து நிமிஷம் அடுப்பை விட்டு நகரக் கூடாது. வெந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? வெளிறிய மாவு நிறம் போய் நல்ல கருஞ்சிவப்பாகப் பளபளக்கும். கையைத் தண்ணீரில் நனைத்து மேலே தொட்டுப் பார், விரலில் ஒட்டாது. ஒட்டினால் இன்னும் ஐந்து நிமிஷம் வேகட்டும். வேகாத ராகி வயிற்றைப் படுத்தும்.

இறக்கி நன்றாக ஆறவிட்டு, மேலே ஒரு டம்ளர் ஆறின தண்ணீர் ஊற்றி மூடி வை. அந்தத் தண்ணீர் நின்றால்தான் மேலே ஏடு கட்டாது. காலையில் வேண்டிய அளவு எடுத்து, மோரும் உப்பும் சேர்த்துக் கையால் கரைத்துக் குடி. கரண்டி போட்டால் கட்டி நிற்கும். கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் போதும். ஒரு முறை காய்ச்சினால் ரூமில் இருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் காலைச் சாப்பாடு ஆகிவிடும்.

ராகியை ஏழை வீட்டுச் சாப்பாடு என்று நினைத்த காலமும் நம் ஊரில் இருந்தது. அரிசிச் சோறு என்றால் பண்டிகை. இப்போது அதே ராகியை டாக்டர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதே அளவு பாலில் அதில் பாதிகூடக் கிடையாது. 2023-லிருந்து நம் தர்மபுரி மாவட்டத்து ரேஷனில் அரிசியில் 2 கிலோவைக் குறைத்துக்கொண்டு ராகி கொடுக்க ஆரம்பித்தார்களே, அதை வேண்டாம் என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுக்காது. நீயும் டப்பாவில் வரும் ஓட்ஸுக்குக் காசைக் கொடுக்காதே. அங்கே மளிகைக் கடையில் நாச்சணி என்று கேட்டால் ராகியே கொடுப்பார்கள்.

களி கிண்ட இப்போதைக்குப் போகாதே. அதற்குத் துடுப்பும் வேண்டும், பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ள இன்னொரு ஆளும் வேண்டும். லீவில் வரும்போது காட்டித் தருகிறேன். ஆனால் களிக்கு ஊற்றுகிற குழம்புகளை இப்போதே பழகிக்கொள், சோற்றுக்கும் அதுவேதான். ராகிக் கொல்லையில் சால் விட்டு அவரையும் துவரையும் போடுவோமே, நினைவிருக்கிறதா? ராகி அறுத்த பிறகும் அவரை நின்று காய்க்கும். களியும் அதற்கு ஊற்றும் அவரைக்கொட்டைக் குழம்பும் ஒரே நிலத்திலிருந்து வந்துவிடும். மார்கழி, தை மாதத்தில் உரித்த பச்சை அவரைக்கொட்டை வாசம் தெருவெல்லாம் அடிக்கும். உனக்கு அங்கே அது கிடைக்குமோ என்னவோ. அதனால் கொள்ளுப் பயறைப் பிடித்துக்கொள்.

கொள்ளு ஒரு தடவை வேகவைத்தால் ரசமும் மசியலும் சேர்ந்தே கிடைக்கும். கடையில் குளித் என்று கேள். வாங்கியதும் தட்டில் பரப்பிப் பார், கொள்ளு நிறத்திலேயே பொடிக்கல் கிடக்கும், கண்ணை ஏமாற்றும். பொறுக்கிவிட்டு இரண்டு தண்ணீரில் அரித்தெடு. ஒரு டம்ளர் கொள்ளை ராத்திரி ஊறப்போடு. காலையில் அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் மூன்று டம்ளர் ஊற்றிக் குக்கரில் ஆறு விசில் விடு. வெந்த தண்ணீரைத் தனியாக வடித்துக்கொள். அதில் கொஞ்சம் புளி கரைத்து, ஒரு தக்காளியைப் பிசைந்துவிட்டு, மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப்போட்டுக் கொதி வந்ததும் இறக்கினால் கொள்ளு ரசம். வெந்த கொள்ளைச் சும்மா விடாதே. எண்ணெயில் காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம் வதக்கி, அதோடு கொள்ளையும் உப்பையும் போட்டு மிக்சியில் கொரகொரப்பாக ஒரு சுற்று சுற்று. அதுதான் மசியல். சூடான சோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து சாப்பிடு. மிக்சி இல்லாவிட்டால் மத்தால் கடைந்தாலும் போதும். சளி பிடித்த நாளில் இந்த ரசத்தை டம்ளரில் ஊற்றிச் சூடாகக் குடி, தொண்டைக்கு இதமாக இருக்கும்.

அடுப்படியில் நிற்கவே முடியாத அளவுக்குக் களைத்து வருகிற நாளும் இருக்கும். அன்றைக்குப் பச்சைப்புளி ரசம். நெல்லிக்காய் அளவு புளியை ஊறவைத்துக் கரை. இந்தப் பார்சலில் வருவது நம் பக்கத்துப் புளிதான், கொட்டையும் நாரும் எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டு காய்ந்த மிளகாயை நெருப்பில் ஒரு நொடி காட்டி வாட்டி, உப்போடு சேர்த்துக் கையால் நொறுக்கு. சின்ன வெங்காயத்தை நசுக்கி, கொத்தமல்லித் தழையைக் கிள்ளிப்போட்டு, சிட்டிகை வெல்லம் சேர்த்துப் புளித் தண்ணீரில் பிசைந்துவிடு. கொதிக்கவைக்கக் கூடாது. மிஞ்சிய சோற்றோடு இது போதும். வெங்காயம் கையால் நசுங்கினால்தான் ருசி, கத்தியால் நறுக்கினால் அந்தச் சாறு இறங்காது.

குடிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். மத்தியானம் கேண்டீனில் கலர் குடிக்கிறேன் என்றாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை, கண்ணு. மாம்பழ ஜூஸ் என்று பாட்டிலில் வருவதை வாங்கினால் அதில் பழக்கூழ் எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்கும், ஒரு தடவை படித்துப் பார். கிருஷ்ணகிரிப் பக்கம் ஆலைகளுக்கு நம் பெங்களூரா மாங்காய் லாரி லாரியாகப் போவதைப் பார்த்து வளர்ந்தவன் நீ. கொல்லையில் பழத்துக்குக் கட்டுப்படியான விலை கிடைக்காத வருஷங்களையும் பார்த்திருக்கிறாய். கோடையில் அங்கேயும் மாங்காய் வரும். ஒரு காயைத் தோலோடு வேகவைத்துச் சதையைப் பிசைந்தெடுத்து, வெல்லம், உப்பு, வறுத்த சீரகத்தூள், மிளகுத்தூள் போட்டுத் தண்ணீர் விட்டுக் கலக்கிக்கொள். வெயிலில் போய்விட்டு வந்தால் இதுதான் மருந்து.

மற்ற நாளில் நீர்மோர். அரை லிட்டர் பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கிற சூட்டுக்கு ஆறியதும் ஒரு ஸ்பூன் தயிரை விட்டு ஒரு தரம் கலக்கி மூடி வை, அதற்கப்புறம் அசைக்காதே. காலையில் தயிர். ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர், இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை நசுக்கிப்போட்டு, பெருங்காயமும் உப்பும் சேர்த்து ஒரு பாட்டிலில் அடைத்து வேலைக்கு எடுத்துப் போ.

தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதை விட்டுவிட மனசு வரவில்லை. நீங்கள் குடிப்பது குழாய்த் தண்ணீரா போர் தண்ணீரா என்று வீட்டுக்காரரிடம் கேள். நம் மாவட்டத்துப் போர் தண்ணீரில் புளோரைடு அதிகம் என்று உனக்கே தெரியும். நம் தெருவில் என் வயதுக்காரர்கள் பல பேருக்குப் பல்லில் இருக்கும் பழுப்புக் கறையும், முட்டி வலியோடு நடக்கும் பெரியவர்களும் அதற்குச் சாட்சி. ஒரு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் ஆகாது என்பார்கள். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகுதான் குழாயைத் திறந்து நம்பிக் குடிக்க ஆரம்பித்தோம். இதில் நிறையப் பேருக்குத் தெரியாதது என்னவென்றால், கொதிக்கவைத்தால் கிருமி சாகுமே தவிர புளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது இன்னும் செறிவாகும். சத்துணவுக் கூடத்தில் குழந்தைகளுக்குச் சமைக்கிறவள் என்பதால் எனக்கு எங்கே போனாலும் முதல் கேள்வி தண்ணீர்தான். டீயானாலும் கூழானாலும் அதில் பெரும்பங்கு தண்ணீர்தானே. போர் தண்ணீர் என்றால் குடிக்கவும் சமைக்கவும் வேறு நல்ல தண்ணீரைப் பயன்படுத்து.

உன்னோடு இருக்கும் அந்த சோலாப்பூர்த் தம்பியின் வீட்டில் சோள ரொட்டி தட்டுவார்கள் என்றாயே, அதையும் கற்றுக்கொள். அவன் ரொட்டி தட்டட்டும், நீ கொள்ளு மசியல் செய். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும். மூன்றாவது பையன் பாத்திரம் கழுவட்டும், முறை வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரியே பாத்திரம் கழுவாமல் படுக்கக் கூடாது. காலையில் கழுவாத பாத்திரத்தைப் பார்த்தால் சமைக்கிற ஆசையே போய்விடும், அப்புறம் ஓட்டல்தான்.

வெளியே ஒருநாள் சாப்பிடுவது தப்பே இல்லை. தினமும் என்றால்தான் பயமாக இருக்கிறது. போன தடவை அனுப்பிய போட்டோவில் கன்னம் ஒட்டிக் கிடக்கிறது, நெஞ்செரிச்சல் மாத்திரை வேறு போடுகிறேன் என்கிறாய். இருபத்தைந்து வயதில் என் பிள்ளைக்கு ஏன் அந்த மாத்திரை? வாரத்தில் நாலு நாள் காலையில் கூழோ நீராகாரமோ குடித்துப் பார். அதற்கப்புறமும் எரிச்சல் இருந்தால் நல்ல டாக்டரைப் பார்த்துவிடு, தள்ளிப்போடாதே.

பார்சலில் ராகி மாவு 3 கிலோ, நொய் 1 கிலோ, புளி, மோர் மிளகாய், வீட்டில் இடித்த மிளகாய்த்தூள் எல்லாம் இருக்கிறது. சின்னப் பொட்டலத்தில் இருப்பது முளைகட்டி நிழலில் காயவைத்து அரைத்த ராகி. அதைக் கூழுக்குப் போடாதே. இரண்டு ஸ்பூனைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கிற தண்ணீரில் ஊற்றிக் கிளறி, பாலும் வெல்லமும் சேர்த்துச் சாயங்காலம் குடி. மாவைப் பிரித்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, ஈரக் கரண்டி விடாமல் ஒன்றரை மாதத்துக்குள் தீர்த்துவிடு. தீர்வதற்கு ஒரு வாரம் முன்னால் சொன்னால் அடுத்ததை அரைத்து அனுப்புகிறேன். முதல் கூழ் காய்ச்சிய அன்றைக்கு போன் பண்ணு, எத்தனை மணியானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அம்மா