வாய் திறக்காமலே நூற்றுக்கு நூறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒவ்வோர் ஆண்டும் பிளஸ் டூ முடிவு வந்ததும், எந்தப் பாடத்தில் எத்தனை பேர் நூற்றுக்கு நூறு என்ற கணக்கை நாளிதழ்கள் வெளியிடுகின்றன. எங்கள் வீட்டில் அந்தப் பக்கத்தை முதலில் எடுப்பவள் நான்தான். கடலூரில் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் இருபத்தேழு ஆண்டுகள் பிரெஞ்சு நடத்தினேன். என்னிடம் படித்தவர்களில் தொண்ணூறுக்குக் கீழே வாங்கியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று எழுதத்தான் இந்தக் கடிதம்.

பதினைந்து வருடங்களுக்கு முன்பு பிளஸ் டூ பிள்ளைகளைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போயிருந்தோம். கடற்கரைச் சாலையில் பிரான்சிலிருந்து வந்த வயதான அம்மாள் ஒருவர், நாங்கள் பிரெஞ்சு வகுப்பு என்று தெரிந்ததும் மகிழ்ந்துபோய், பக்கத்தில் நின்ற மாணவியிடம் பேச்சுக் கொடுத்தார். உன் பெயர் என்ன, எந்த ஊர், கடல் பிடிக்குமா, அவ்வளவுதான் கேட்டார். அரையாண்டில் தொண்ணூற்றெட்டு வாங்கியவள் அவள். அதே கேள்விகளைத் தாளில் கொடுத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருப்பாள். அங்கே மரம் மாதிரி நின்றாள். திரும்பும்போது பஸ்ஸில், "மிஸ், அவங்க என்ன கேட்டாங்கன்னே எனக்குப் புரியல" என்று அழுதாள். தவறு அவளுடையது இல்லை. இரண்டு வருடத்தில் அவள் காதில் பிரெஞ்சு விழும்படி நான் பேசிய நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஒரு முழு நாள்கூட வராது.

அன்று மாலையே குருசுக்குப்பத்தில் ஒரு பெரியவரைச் சந்தித்தோம். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்குகிறவர். இவர்களைப் புதுச்சேரியில் 'சொல்தா' என்பார்கள். எழுதச் சொன்னால் திணறுவேன் என்றார். ஆனால் என்னோடு அரை மணி நேரம் பிரெஞ்சில் பேசிக்கொண்டே இருந்தார், ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. பிள்ளைகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வகுப்பு எப்படி நடக்கிறது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வந்து, இன்று பத்தாம் வகுப்புவரை தமிழ் கட்டாயம். அந்தச் சட்டத்தை நான் மனதார வரவேற்றவள். ஆனால் பிளஸ் ஒன்னில் தமிழை விட்டுவிட்டு பிரெஞ்சு எடுத்துக்கொள்ளும் வழி திறந்தே இருக்கிறது. அப்படி வருகிற பிள்ளை ஜூன் மாதம் 'போன்ஜூர்' என்று ஆரம்பிக்கும். அடுத்த வருடம் முடிவதற்குள் பொதுத்தேர்வு. சேர்க்கைக்கு வரும் பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது, "பிரெஞ்சு எடுத்தா எவ்வளவு மார்க் வரும் மிஸ்?" என்பதுதான். என்ன படிப்பார்கள் என்று கேட்டவர்களை நான் பார்த்ததே இல்லை. பாடம், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, கேள்வி-பதில், வினைச்சொல் அட்டவணை எல்லாவற்றையும் நகலெடுத்துக் கொடுத்துவிடுவோம். பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். 90 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு, 10 பள்ளி போடுகிற அகமதிப்பீட்டுக்கு. பொதுத்தேர்வு முடியும்வரை யாரும் அந்தப் பிள்ளையிடம் பிரெஞ்சில் ஒரு வாக்கியம் பேசிக் காட்டு என்று கேட்பதில்லை.

சரி, இந்த மார்க் எதற்காவது ஆகிறதா? பொறியியல் கலந்தாய்வில் கணிதம், இயற்பியல், வேதியியல் மட்டும்தான் கணக்கு. மருத்துவத்துக்கு நீட். மொழிப் பாடத்துக்கு இரண்டு தாள், 200 மதிப்பெண், மொத்தம் 1200 என்று இருந்த காலத்தில் மொத்தக் கூட்டலுக்காவது ஓர் அர்த்தம் இருந்தது. இப்போது மொத்தமே 600. மாநில முதலிடம் அறிவிப்பதையும் 2017-லேயே நிறுத்திவிட்டார்கள். ஆக, தமிழையும் விட்டு, பிரெஞ்சையும் படிக்காமல், எங்கும் பெரிதாகப் பயன்படாத ஒரு எண்ணை வாங்கிக்கொண்டு பிள்ளைகள் வெளியேறுகிறார்கள். இதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

எரிவதற்குக் காரணம் உண்டு. தமிழ்ப் பிள்ளைகளுக்கு பிரெஞ்சு சொல்லிக் கொடுப்பது அவ்வளவு சந்தோஷமான வேலை. 'து' என்றால் நீ, 'வூ' என்றால் நீங்கள். யாரிடம் எதைச் சொல்ல வேண்டும் என்று ஆங்கிலத்தில் விளக்கினால் அரை மணி ஆகும். "அப்பாவோட முதலாளிய நீன்னு கூப்பிடுவியா?" என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் முடிந்தது. மூக்கொலிகளும் அப்படித்தான். 'மரம்' என்று எழுதுகிறோம். பேசும்போது கடைசி ம் உதட்டுக்கு வராமல் மூக்கிலேயே நின்றுவிடுகிறது. 'அவன் வந்தான்' என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள், அந்த ன் முழுசாக ஒலிக்காது. 'போன்', 'தெமேன்' போன்ற பிரெஞ்சுச் சொற்களின் முடிவும் இதே மாதிரிதான். அந்த வித்தை நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது, யாராவது காட்டிக்கொடுத்தால் போதும்.

மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்றதும் சிரிப்பார்கள். உயிரில்லாததற்கு ஏது பால் என்ற கேள்வியே உயர்திணை, அஃறிணை படித்த பிள்ளையிடமிருந்துதான் வரும். பிரெஞ்சில் எழுபது என்றால் 'அறுபது பத்து', எண்பது என்றால் 'நாலு இருபது', தொண்ணூறு என்றால் 'நாலு இருபது பத்து'. இதற்கும் ஒரே சிரிப்புதான். அப்போது நான் கேட்பேன்: "ஒன்பதில் பத்து எப்படி வந்தது? தொண்ணூறில் நூறு எப்படி வந்தது?" வகுப்பு ஒரு கணம் அமைதியாகும். தினமும் வாயில் புழங்கும் சொல்லை அன்றுதான் அவர்கள் முதன்முறையாகத் திரும்பிப் பார்க்கிறார்கள். இருபத்தேழு வருடத்தில் நான் கண்டது இது: தமிழ் நன்றாகப் படித்தவர்களுக்குத்தான் பிரெஞ்சு சுலபமாகப் பிடிபட்டது. அந்தத் தமிழையே விட்டுவிட்டு வா என்று சொல்லிச் சேர்க்கிறோம்.

சென்ற மாதம் என் பழைய மாணவி ஒருத்தி வந்திருந்தாள். பிரெஞ்சில் தொண்ணூற்றொன்பது வாங்கியவள், இப்போது செவிலியர். ஜெர்மனி போவதற்காக ஜெர்மன் படித்து பி1 என்ற இடைநிலைத் தேர்வை முடித்திருக்கிறாள், அடுத்தது அதற்கு மேல் படியான பி2. கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்று நான்கையும் தனித்தனியாகச் சோதித்தார்களாம். "இங்கதான் மிஸ் நான் ஒரு மொழிய படிக்கிறேன்" என்றாள். என்னைக் குறை சொல்லும் எண்ணம் அவளுக்கு இல்லை. இருந்தாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிரெஞ்சுக்கான 'டெல்ஃப்' தேர்விலும் இந்த நான்குக்கும் தலா 25 மதிப்பெண்தான். ஏதாவது ஒன்றில் 5-க்குக் கீழே போனால், மொத்தம் எவ்வளவு எடுத்திருந்தாலும் தேர்ச்சி கிடையாது.

பள்ளிக் கல்வித் துறையிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் செய்முறைத் தேர்வு வைக்கிறோம், வேறு பள்ளியிலிருந்து ஆசிரியர் வந்து பார்க்கிறார். வெளிநாட்டு மொழிக்கும் அதே மாதிரி ஒரு வாய்மொழித் தேர்வு வையுங்கள். பத்து நிமிடம் போதும். ஒரு சிறு ஒலிப்பதிவைக் கேட்கவைத்து இரண்டு கேள்வி, அப்புறம் ஒரு படத்தைக் காட்டிப் பேசவிடுவது. 20 மதிப்பெண் அதற்கு ஒதுக்கினால் மறுவருடமே வகுப்பறை மாறிவிடும். தேர்வில் கேட்பார்கள் என்றால் ஆசிரியரும் வாய் திறப்பார், பிள்ளையும் திறக்கும். எல்லா ஆசிரியர்களாலும் முடியுமா என்று கேட்பார்கள். எனக்கே முப்பது வயதுவரை சரளமாகப் பேச வராது. வார இறுதிகளில் புதுச்சேரி அலியான்ஸ் பிரான்சேசுக்குப் போய்த்தான் கற்றுக்கொண்டேன். ஆசிரியர்களுக்குக் கோடை விடுமுறையில் பயிற்சி கொடுத்தால் நிச்சயம் வரும்.

இன்னொன்று. பிரெஞ்சோ ஜெர்மனோ ஜப்பானியமோ, அதைத் தமிழுக்கு மாற்றாக வைக்க வேண்டாம். எட்டாம் வகுப்பிலிருந்து விருப்பப்பட்டவர்கள் மாலையில் கூடுதலாகப் படிக்கட்டும், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சேர்த்து. மும்மொழி வாதத்தை நான் இங்கே இழுக்கவில்லை. கட்டாயம் என்ற பேச்சே வேண்டாம், ஆசைப்படுகிற பிள்ளைக்கு வழி இருந்தால் போதும். இன்றைக்கு அந்த வழி பணம் கட்டிப் படிக்கிற பிள்ளைகளுக்குத்தான் பெரும்பாலும் கிடைக்கிறது.

வாய்மொழித் தேர்வு வந்தால் தேர்வாளராக எந்த ஊருக்கும் வர நான் தயார். பஸ் கட்டணம்கூட வேண்டாம். அந்தப் பிள்ளைகள் பேசுவதை நான் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியை,
கடலூர்.