ஜூலையில் பார்த்த டொரண்டோ போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

கனடாவில் குடியேறப் போகிறவர்கள் முன்கூட்டியே ஒரு நடை போய் ஊரைப் பார்த்துவிட்டு வருவது நல்ல விஷயம்தான், ஆனால் பலர் பள்ளி விடுமுறையை ஒட்டியோ ஜூலையிலோ போய் நயாகராவையும் இரவு ஒன்பது மணி வெளிச்சத்தையும் பார்த்து மயங்கித் திரும்பிவிடுகிறார்கள். டிசம்பரில் அதே டொரண்டோவில் மாலை ஐந்துக்குள் இருட்டிவிடும். டொரண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் ஒரு பஸ் நிறுத்தத்தில், பனிக்காற்று முகத்தில் அறைய, கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்; சப்வே ரயில் நிலையத்துக்கு எவ்வளவு பக்கத்தில் வீடு வேண்டும் என்பது அப்போதே முடிவாகிவிடும்.

வாடகைக்கு பேஸ்மென்ட், அதாவது வீட்டின் தரைமட்டத்துக்குக் கீழுள்ள தளம், என்றால் உள்ளே இறங்கிப் பாருங்கள். ஜன்னல் எவ்வளவு பெரிது, ஹீட்டர் கட்டுப்பாடு யார் கையில்? மேல்வீட்டுக்காரர் கையில் என்றால் சரி, கூடுதலாக ஒரு கம்பளி வாங்கிக்கொள்ளுங்கள். டொரண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணச் சட்டப்படி முன்பணம் ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, அதையும் கடைசி மாத வாடகையில்தான் கழிக்க வேண்டும். நம்மூர் பத்து மாத அட்வான்ஸ் பழக்கத்தில் கேட்டதை எடுத்து நீட்டிவிடாதீர்கள்.

அப்புறம், பி.ஆர். (நிரந்தரக் குடியுரிமை அனுமதி) கிடைத்து அந்தப் பயணத்திலேயே லேண்டிங்கை, அதாவது நிரந்தரவாசியாகப் பதிவாகும் நடைமுறையை, முடிப்பவர்களுக்கு ஒன்று. பி.ஆர். கார்டு கனடா முகவரிக்குத்தான் தபாலில் வரும். அது கைக்கு வருமுன் ஊர் திரும்பிவிட்டால், மறுபடி விமானம் ஏறத் தனியாகப் பயண ஆவணத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். ஏஜென்டுகள் பலர் இதை வாய்திறந்து சொல்வதில்லை. உங்கள் இதழில் வெளிநாட்டு வேலை விளம்பரங்களுக்கு நடுவே இதற்கும் ஒரு பத்தி ஒதுக்கலாமே!

- வாசகர், திருச்சி